ஆக்சிலேட்டரை விட்டதும் ஜெட் படகு திரும்ப மறுக்கிறது: கோளாறு எங்கே?

தோட்டத்துப் படகோட்டி (உதகை):
வணக்கம். நான் பணிபுரியும் தேயிலைத் தோட்டத்து நீர்த்தேக்கத்தில் விருந்தினர் சவாரிக்காக, நான்கு பேர் அமரும் பழைய ஜெட் படகு ஒன்றை வாங்கி, ஓட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் படித்துறையை நெருங்குகையில் வேகம் கூடுதலாகத் தெரிந்ததால், ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை இடப்புறம் ஒடித்தேன். படகு நேராகவே சென்று, படித்துறையில் கட்டியிருந்த டயரில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஸ்டீயரிங்கில் கோளாறா, என்னிடமா? ஓட்டி முடித்தபின் எப்படிப் பராமரிப்பது என்றும் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
ஸ்டீயரிங்கில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. ஜெட் படகில் சுக்கான் கிடையாது. அடியிலுள்ள கம்பி வலை வழியாக இம்பெல்லர் (பம்பினுள் சுழலும் விசிறி) உறிஞ்சும் நீர், பின்புற நாசிலின் வழியே பீறிட்டு வெளியேறும்போது, அந்த நாசிலைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். ஆக்சிலேட்டரை விட்டால் பீறிடல் நின்றுவிடும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பயனில்லை. மலைப்பாதையில் பழகிய நமக்கு ஆபத்து என்றதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், ஆனால் இங்கே பிரேக்கே இல்லை. ஆகவே கரைக்கு வெகு முன்பே வேகத்தைத் தணித்து, திருப்பத்தின்போது சிறிதளவு ஆக்சிலேட்டரை விடாமல் வைத்திருங்கள். நீர்த்தேக்கத்தின் நடுவே காலி கேன் ஒன்றை மிதக்கவிட்டு, அதைச் சுற்றித் திரும்பிப் பழகிய பிறகே விருந்தினரை ஏற்றுங்கள்.

பைக்காரா வாசகர்:
இன்னொன்று: கில் சுவிட்சின் (கயிறு கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்ச்) கயிறு எப்போதும் உங்கள் மணிக்கட்டிலோ மிதவை அங்கியிலோ மாட்டப்பட்டிருக்க வேண்டும். முழங்கால் அளவு நீரில் ஓட்டினால் மணலும் பாசியும் உள்ளே போகும். எஞ்சின் இரைந்தும் படகு நகரவில்லையென்றால் வலையில் பாசி சிக்கியிருக்கிறது என்று பொருள். எஞ்சினை நிறுத்தி, கயிற்றையும் கழற்றிய பிறகே கையை அருகே கொண்டு செல்லுங்கள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் கிடைக்கும் எஞ்சின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறையும். ஆகவே நால்வர் ஏறினால் படகு மந்தமாகப் புறப்படுவதை உடனே பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

தோட்டத்துப் படகோட்டி (உதகை):
நன்றி. கரையேற்றியதும் எஞ்சினின் உட்புறத்தைக் கழுவ, தண்ணீர்க் குழாயைப் பொருத்தித் திறந்துவிட்டு, பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்துவந்தேன். அது சரியா?

குன்னூர்க்காரன்:
இல்லை, வரிசை தலைகீழ். குழாயைப் பொருத்திய பின் முதலில் எஞ்சினை ஓடவிட்டு, உடனே நீரைத் திறக்க வேண்டும்; முடிக்கும்போது முதலில் நீரை அடைத்து, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடாதபோது நீர் பாய்ந்தால், அது எக்ஸாஸ்ட் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் புகுந்துவிடலாம். நீரின்றிச் சில வினாடிகளுக்கு மேல் ஓடவிடவும் கூடாது, ஆகவே கையேட்டிலுள்ள அளவைப் பாருங்கள். படகை முன்பக்கம் சற்றே உயர்த்தி நிறுத்தி, டிரெயின் பிளக்கைக் கழற்றினால் அடியில் தேங்கிய நீர் முழுவதும் வடிந்துவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பம்பில் நீர் தங்கி உறைந்தால் உறையே விரிசல் விடும். அடுத்த முறை இறக்குவதற்கு முன் பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். நான் ஒருமுறை மறந்து, பத்து நிமிடம் வாளியால் இறைத்திருக்கிறேன்.