சென்ட்ரலில் வாயிலிலிருந்து பெட்டி வரையிலான நடை

தண்டையார்பேட்டைவாசி:
72 வயதான என் தாயாரைச் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவர், சென்ற முறை பெட்டியை எட்டுவதற்குள் மூன்று இடங்களில் பையின் மீதே உட்கார்ந்துவிட்டார். இந்த நடையைக் குறைக்க வழி உண்டா?

பழைய பயணி:
சென்ட்ரல் ஒரு முனைய நிலையம். தண்டவாளங்கள் முடியும் பக்கத்திலிருந்துதான் நடைமேடைகளுக்குள் நுழைகிறோம். எல்.எச்.பி. எனப்படும் புதுவகை ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர் என்பதால், 22 பெட்டிகள் கொண்ட வண்டியின் மறுமுனைக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்தாக வேண்டும். புறப்படும் வண்டியின் எஞ்சின், வாயிலுக்கு எதிர்ப்புறமான பேசின் பிரிட்ஜ் பக்கம் நிற்கும். ஆகவே வால்பகுதிப் பெட்டிகளே வாயிலுக்கு அருகில் இருக்கும். முன்பதிவுக்கு முன்பே பெட்டி வரிசையைப் பார்த்துவிடுங்கள்.

வியாசர்பாடி வாசகர்:
பெரம்பூரில் ஏறலாமே என்று சிலர் சொல்வார்கள். வண்டி அங்கே ஓரிரு நிமிடமே நிற்கும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த அவசரம், சமதரையில் நடப்பதைவிடக் கொடுமை. சென்ட்ரலில் முதியோருக்கான பேட்டரி வண்டி உண்டு. ஆனால் கூட்ட நேரத்தில் காத்திருக்க நேரும் என்பதால் முக்கால் மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள்.

தண்டையார்பேட்டைவாசி:
நன்றி ஐயா. எங்கள் பேட்டையிலிருந்து மெட்ரோவில் மாறாமலே சென்ட்ரல் வரலாம் என்றாலும், சுரங்க நிலையத்திலிருந்து மேலே வருவதும் ஒரு நடைதான். அம்மாவுக்கு ஆட்டோவே வைத்துக்கொள்கிறேன்.