நட்சத்திரப் பேட்டி பாட்காஸ்ட்கள்: சலித்தது எனக்கா, மாறிப்போனது அவையா?

இரவுக்காது:

பத்து வருடத்துக்கு மேலாகப் பேட்டி பாட்காஸ்ட் கேட்கிறேன். இரவில் பாத்திரம் கழுவும்போது காதில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கை நகரும். ஆனால் சில மாதங்களாக ஒரு எபிசோடைக்கூட முழுசாக முடிக்க முடியவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு நடிகை, புதுப் படம் வெளியாகும் நேரம் என்பதால், நான்கே நாளில் மூன்று பாட்காஸ்ட்களில் வந்தார். மூன்றிலும் முதல் ஆடிஷனில் வசனம் மறந்துபோன அதே கதை, அதே இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம், அதே இடத்தில் சிரிப்பு. மூன்றாவது தடவை அவர் சொல்வதற்கு முன்பே அடுத்த வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. நுரைக் கையோடு அப்படியே நின்றேன். கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது.

ஏன் வருத்தம் என்றால், இந்த வடிவம் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. 2010-ல் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் மார்க் மேரனின் பாட்காஸ்டில் நடிகர் ராபின் வில்லியம்ஸ் பேசினாரே, அதைக் கேட்டவர்களுக்குப் புரியும். திரையில் ஒரு நொடி ஓயாத மனிதர், அங்கே குரலைத் தணித்துக்கொண்டு குடியைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் பேசுகிறார். 2014-ல் அவர் இறந்தபோது மேரன் அந்த எபிசோடை மறுபடி வெளியிட்டார். 2022-ல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே சேர்த்தது. ஒரு பாட்காஸ்ட் எபிசோடை, அதுவும் ஒரு நகைச்சுவை நடிகரின் பேட்டியை! அந்த மாதிரி ஒன்றை எதிர்பார்த்துத்தான் இன்னமும் பிளே பட்டனை அழுத்துகிறேன்.

எனக்குத்தான் அலுத்துவிட்டதா, இல்லை உண்மையிலேயே எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டதா? நீங்கள் இப்போது எதை விடாமல் கேட்கிறீர்கள்?

கராஜ்வாசி:

உங்களுக்கு அலுத்ததாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் மூன்றிலும் கேள்வி கேட்டவருக்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பே இருந்திருக்காது.

மேரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் சாட்டர்டே நைட் லைவ் என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர, அதன் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸைப் போய்ப் பார்க்கிறார், வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2009-ல் பாட்காஸ்ட் தொடங்கிய பிறகு, அந்த டிவி நிகழ்ச்சியிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி லோர்னிடம் வந்து நிற்கும். அந்தச் சந்திப்பில் தனக்கு என்ன நடந்தது, ஏன் எடுக்கவில்லை என்று வருடக்கணக்கில் எல்லோரிடமும் துருவுகிறார். கடைசியில் 2015-ல் லோர்னையே எதிரில் உட்கார வைத்துக் கேட்டுவிட்டார். இருபது வருடம் மனசில் கிடந்த கேள்வி அது, எந்த விளம்பரக் குழுவாலும் எழுதிக் கொடுக்க முடியாது.

அதே 2015 ஜூனில், பதவியில் இருந்த அதிபர் ஒபாமா மேரன் பாட்காஸ்ட் பதிவு செய்த அவருடைய வீட்டு கராஜுக்கே வந்து பேசினார். 2025 அக்டோபரில் மேரன் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டபோது கடைசி விருந்தினரும் ஒபாமாதான், இந்த முறை மேரன் ஒபாமாவின் அலுவலகத்துக்குப் போனார். அந்தக் கடைசி எபிசோடை நான் இரண்டு தவணையாகத்தான் கேட்டேன். முடிந்துவிடக் கூடாது என்று பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒலிமட்டும்:

என்னைக் கேட்டால் காரணம் கேமராதான்.

காதுக்கு மட்டும் பேசிய காலத்தில் ஒருவர் யோசிக்க ஐந்து நொடி எடுத்துக்கொண்டால் அந்த மௌனமும் பேட்டியில் சேர்த்தி. இப்போது எல்லோரும் வீடியோவாகப் போடுகிறார்கள், அதிலிருந்து நாற்பது நொடித் துண்டை வெட்டி எல்லாத் தளங்களிலும் விடுகிறார்கள், அப்புறம் அந்தத் துண்டாகப் போகிற வாக்கியத்தை மனதில் வைத்துத்தான் பேட்டியே நகர்கிறது. விருந்தினரும் லைட், மேக்கப், தன் முகம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்ற நினைப்போடு உட்கார்ந்திருக்கிறார், அங்கே மனம் எப்படித் திறக்கும்?

பணமும் அந்த அளவுக்கு வந்துவிட்டது. 2024-ல் அலெக்ஸ் கூப்பரின் கால் ஹெர் டாடி பாட்காஸ்டுக்கு சிரியஸ் எக்ஸ்எம் என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் 125 மில்லியன் டாலர் வரை கொடுப்பதாகச் செய்தி வந்தது. அவ்வளவு தொகை புழங்கும் இடத்தில் யார் துணிந்து சங்கடமான கேள்வியைக் கேட்டு அடுத்த நட்சத்திரத்தை இழப்பார்கள்?

ஃப்ரெஷ் ஏர் என்ற அமெரிக்க வானொலிப் பேட்டி நிகழ்ச்சியில் டெர்ரி கிராஸ் பெரும்பாலும் விருந்தினரை நேரில் பார்ப்பதே இல்லை. அவர் ஒரு ஸ்டுடியோவில், விருந்தினர் வேறு ஊரில். எந்தக் கேள்வி சொந்த விஷயத்துக்குள் அதிகமாகப் போவதாகத் தோன்றினாலும் சொல்லிவிடுங்கள், வேறு பக்கம் போய்விடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். விலகிக்கொள்ள வழி இருப்பதாலேயே மனிதர்கள் உள்ளே வருகிறார்கள் என்பது என் எண்ணம். முகம் தெரியாததால் அவர் குரலை மட்டுமே கவனிக்கிறார், பதிலில் ஒரு சொல் தடுமாறினால் அடுத்த கேள்வி நேராக அந்தச் சொல்லுக்குப் போகும்.

மெல்லச்சிரி:

மேலே இருவர் சொன்னதும் சரி, ஆனால் ஆழமான பேட்டி மட்டும்தான் உயர்ந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அம்மா இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். இரவு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவரின் மனச்சோர்வைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. ஸ்மார்ட்லெஸ் பாட்காஸ்ட்தான் துணை. அதை நடத்தும் நடிகர்கள் ஜேசன் பேட்மேன், வில் ஆர்னெட், ஷான் ஹேஸ் மூவரில் ஒருவர் விருந்தினரைக் கூட்டி வருவார், யார் வருகிறார் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. அந்த நொடியில் அவர்கள் குரலில் வரும் வியப்பு நிஜம். சினிமாத் தொழில் சொல் ஏதாவது வந்தால், வேறு மாநிலத்தில் இருந்து கேட்கும் ஷானின் அக்காவுக்காக என்று நிறுத்தி விளக்கம் சொல்வார்கள். அந்த அக்கா இடத்தில் நானே உட்கார்ந்திருப்பது போல இருக்கும் எனக்கு. அம்மா தூங்கிய பிறகு ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு சத்தம் வராமல் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு நான் கடன்பட்டவள்.

நகைச்சுவை நடிகை ஏமி போலரின் குட் ஹேங் பாட்காஸ்டையும் கேட்டுப் பாருங்கள். விருந்தினர் வருவதற்கு முன், அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஏமி பேசி, அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நல்லதாகப் பேசிவிட்டு, கேட்க ஒரு கேள்வியையும் வாங்கிக்கொள்வார். நண்பர் கொடுத்த கேள்வி என்றால் விருந்தினர் மனப்பாடக் கதையை எடுத்துவிட முடியாதே! கோல்டன் குளோப் 2026-ல் முதன்முதலாகப் பாட்காஸ்டுக்கு விருது கொடுத்தபோது அது இதற்குத்தான் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழையஅலை:

ஒரு யோசனை. படம் வெளியாகும் மாதத்தில் அந்த நட்சத்திரத்தின் பேட்டியைத் தொடவே தொடாதீர்கள். விற்க எதுவும் இல்லாத நேரத்தில் அவர் எங்கே பேசியிருக்கிறார் என்று தேடுங்கள்.

அப்புறம், பிபிசி வானொலியின் டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ். 1942-லிருந்து வருகிறது. ஆளில்லாத தீவுக்கு எட்டு இசைத்தட்டு எடுத்துப் போகலாம், எவை என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் மூன்றாவது தட்டில் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பழைய எபிசோடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இரவுக்காது:

எல்லோருக்கும் நன்றி. மெல்லச்சிரி, அம்மா இப்போது நலமா? நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

பழையஅலை சொன்னபடி, அதே நடிகை ஆறு வருடத்துக்கு முன் பேசிய ஒரு பேட்டியைத் தேடி எடுத்தேன். படமும் இல்லை, தொடரும் இல்லை அப்போது. அதிலும் அந்த ஆடிஷன் கதை வருகிறது. ஆனால் அதில் அவர் சிரிக்கவில்லை. வசனம் மறந்த பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்கு போன் போட்டதைச் சொல்கிறார். பேட்டி எடுத்தவர் உடனே எதுவும் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் இருவர் மூச்சும் மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, "அக்கா என்ன சொன்னார்?" என்றார்.

குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.