காட்சியை வரம்பிட்டுக் காட்டும் திறப்பு: கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். கட்டடக்கலை அறிமுகப் பாடநூலின் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். வெளியிலுள்ள நிலத்தோற்றத்தில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, பகலொளியின் துணையோடு அதனைப் படம்போல் வரம்பிட்டுக் காட்டும் அமைப்புக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. வரைவில் 'காட்சிச் சாளரம்' என்று வைத்துள்ளேன். ஆனால் சுவிட்சர்லாந்தின் லெமான் ஏரிக்கரையில் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே தம் பெற்றோருக்காக 1923-24இல் கட்டிய சிறு வீடும் இதே இயலில் வருகிறது. அவ்வீட்டில் 11 மீட்டர் நீளச் சாளரம் ஒன்று இருப்பினும், நூலாசிரியர் நான் சொல் தேடும் அமைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது, ஏரி தெரியுமாறு தோட்டச் சுவரில் விடப்பட்ட சதுரத் திறப்பையே. அதற்குக் கண்ணாடி இல்லை, கதவில்லை, பின்னால் அறையும் இல்லை. சாளரம் என்றெழுதக் கை வரவில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

கையிலிருக்கும் சொல்லை விட்டுவிட்டுத் தேடுகிறோம். சிலம்பில் சாளரத்துக்கு 'மான்கண் காலதர்' என்று வருகிறது. கால் காற்று, அதர் வழி. காற்றுக்கு வழி காலதர் எனின், ஒளிக்கு வழி 'ஒளியதர்'. காட்சியே முதன்மை எனின் 'காணதர்', அழகிய வினைத்தொகை. இரு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற் பொழுதில் கயிறிட்டு மனை வகுத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. கதிரவனைக் கொண்டு கட்டடத்தின் திசை தேர்ந்தவர்களின் மொழியில் இதற்கு வேர்ச்சொல் கிடைக்காமலா போகும்? 'சன்னல்' போர்த்துகீசியரோடு வந்தது. அதன் பக்கம் நாம் போகவே வேண்டாம்.

கட்டடக்கலை கற்பிக்கும் உறுப்பினர் எழுதியது:

ஐயா, காலதர் இனிமையான சொல்தான். ஆனால் 'ஒளியதர்' மாணவரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும். வெளிச்சம் தருவதும் காட்சி தருவதும் ஒரே வேலையல்ல. பக்கச் சாளரத்தின் பகலொளி, அதன் மேல்விளிம்பின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்குத் தொலைவுவரைதான் பயன்படும், மேல்விளிம்பு 2.4 மீட்டரில் இருந்தால் ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் அறை மங்கிவிடும். ஆகவே வெளிச்சத்துக்கான திறப்பை உயர்த்துகிறோம், காட்சிக்கானதைக் கண்மட்டத்தில் வைக்கிறோம். ஒரே திறப்பிடம் இரண்டையும் கேட்டால், சுற்றுச்சுவர் இருண்டு, வெளி வெளுத்து, கண் கூசும். அதைத் தணிக்கவே சுவரின் தடிப்பை உட்புறமாகச் சாய்த்து விரித்து வெளிர்நிறம் பூசுகிறோம். அச்சாய்வில் படியும் இடைப்பட்ட ஒளிதான் காட்சிக்கு மெய்யான விளிம்பாகிறது. எனவே என் பரிந்துரை 'ஒளிச்சட்டகம்'.

'காணதர்' என்பதிலும் ஓர் இடர் உண்டு. லூயி கான் வடிவமைத்து 1965இல் நிறைவுற்ற, கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில், எதிரெதிரான இரு கட்டட வரிசைகளுக்கு நடுவே வெறும் கல்முற்றமும் அதன் முடிவில் பசிபிக் கடலும்தான் உள்ளன. அங்கே துளையும் இல்லை, வழியும் இல்லை. ஆயினும் கடல் சட்டமிட்டது போலவே நிற்கிறது.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர், கடலை ஒப்புக்கொள்கிறேன். தொகையை ஒப்புக்கொள்ள இயலவில்லை. 'ஒளிச்சட்டகம்' ஒளியால் ஆன சட்டகமா, ஒளிக்கான சட்டகமா? மூன்றாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் ஒரே தொகையில் முட்டிக்கொண்டால் மாணவர் எதைக் கொள்வார்? மேலும், சன்னலைச் சுற்றியுள்ள மரத்தையும் சட்டகம் என்கிறார்களே.

இன்னோர் உறுப்பினர் எழுதியது:

மரத்துக்குத் தச்சரிடம் 'நிலை' என்ற சொல் இருக்கிறது. அதை அவர்களிடமே விட்டுவிட்டால் சட்டகம் நமக்கு மிஞ்சும். ஆனால் எதன் சட்டகம் என்பதில்தான் நாம் தவறவிடுகிறோம். திணைக்கு முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்றார் தொல்காப்பியர். திறப்பு காட்டுவது நிலத்தை மட்டுமன்று. காலையில் ஒரு மலையையும் மாலையில் வேறொரு மலையையும் காட்டுகிறது. ஒளி என்பது பொழுதன்றி வேறென்ன? ஆகவே 'திணைச்சட்டகம்' என்க. நிலமும் ஒளியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும், வேற்றுமைச் சண்டையும் தீரும்.

கட்டடக்கலை கற்பிக்கும் உறுப்பினர் எழுதியது:

கருத்து ஆழமானது; ஆனால் வகுப்பில் செல்லாது. திணை என்றதும் மாணவர் உயர்திணை, அஃறிணை என்று தொடங்குவர். எதிர்வீட்டு மதிலையும் ஒற்றை மரத்தையும் வரம்பிட்டுக் காட்டும் திறப்பு எந்தத் திணை? பாலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 'காட்சிச் சட்டகம்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன்; யாருக்கும் பெருவிருப்பமில்லை, எனினும் பெரும்பாலோருக்கு மறுப்புமில்லை. ஒளி பெயரில் இல்லாத குறையை வரையறையின் முதல் தொடரில் ஈடுசெய்துள்ளேன். வெளிச்சத்துக்காக உயர்த்தி வைக்கும் திறப்புக்கு 'ஒளியதர்' பொருந்தும் என்பதால் அதனை அங்கே எடுத்துக்கொண்டேன்.

தமிழாசிரியர் எழுதியது:

ஒளியதரை மேலே ஏற்றியதற்கு மகிழ்ச்சி. இரண்டாம் பதிப்பின்போது 'காணதர்' பற்றி மீண்டும் எழுதுவேன்.

இன்னோர் உறுப்பினர் எழுதியது:

'காட்சிச் சட்டகம்' புகைப்படத்துக்கும் பொருந்தும், திரைப்படத்துக்கும் பொருந்தும். கட்டடத்துக்கே உரிய சொல் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் நிலைப்பாடு. என் மறுப்பையும் பதிந்துகொள்க.