இரண்டு டெம் (நில உயரப் படம்) கழித்தால் பாறையும் உருகுகிறதே? பனியாற்று இழப்புக் கணக்கில் எங்கே தவறு?

உறைநிலை_0:
12 ச.கி.மீ. பரப்புள்ள ஒரு மலைப் பனியாற்றின் இழப்பைக் கணக்கிடுகிறேன். 2020 செப்டம்பர் ஆஸ்டர் (செயற்கைக்கோள் ஒளிப்படம்) டெம்மிலிருந்து 2000 பிப்ரவரி எஸ்ஆர்டிஎம் (விண்கல ரேடார்) டெம்மைக் கழித்ததில் பனியாற்றில் சராசரி −14 மீட்டர். ஆனால் சுற்றியுள்ள வெறும் பாறையில் ஒரு சரிவில் +10, எதிர்ச்சரிவில் −10! கன அளவை 917ஆல் (பனிக்கட்டியின் அடர்த்தி, கன மீட்டருக்குக் கிலோ) பெருக்கி நிறையாக்கினேன். இன்னொரு குழப்பம்: கீழ் முனையில் நட்ட கோல் வருடத்துக்கு 3 மீட்டர் உருகல் என்கிறது, என் படத்தில் அதே இடத்தில் 1 மீட்டர்தான் இறக்கம். எதை நம்புவது?

கணக்கன்:
எதிரெதிர் சரிவுகளில் எதிரெதிர்க் குறி வந்தாலே படம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 30 டிகிரி சரிவில் 20 மீட்டர் நகர்வு 11.5 மீட்டர் பொய் உயரம் தரும். 20 மீட்டர் என்பது ஒரு பிக்சல்கூட இல்லை, அதனால் கண்ணுக்குத் தெரியாது.

பனியாறு, ஏரி, காடு எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, அசையாத நிலத்தை மட்டும் வையுங்கள். சமதளத்தை விட்டுவிடுங்கள், அதில் நகர்வு தெரியாது. உயர வேறுபாட்டைச் சரிவின் டேன்ஜெண்டால் வகுத்து, சரிவு பார்க்கும் திசையைக் கிடை அச்சில் வைத்து வரைந்தால் அழகான கொசைன் அலை கிடைக்கும். அலையின் வீச்சு நகர்வின் அளவு, உச்சி இருக்கும் இடம் அதன் திசை. நகர்த்துங்கள், மறுபடி வரையுங்கள். அலை தட்டையாகும்வரை சில சுற்று தேவைப்படும். கடைசியில் பாறையில் மிஞ்சும் இடைநிலை மதிப்பைக் கழியுங்கள். நுத், கேப் இருவரும் 2011இல் வெளியிட்ட முறை இது. பைதானில் எக்ஸ்டெம் தொகுப்பில் தயாராகவே இருக்கிறது.

பிழை சொல்லும்போது திட்ட விலக்கத்தைப் பிக்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துவிடாதீர்கள். பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்தே தவறும். அப்படி வகுத்தால் ±2 செ.மீ. என்று நகைப்புக்குரிய எண் வரும்.

வெண்தளம்:
917 வேண்டாம். இழந்ததில் பழைய பனிக்கட்டியோடு, இறுகிக்கொண்டிருக்கும் பழம்பனியும் உண்டு. நீண்ட இடைவெளிக்கு வழக்கமான எண் கன மீட்டருக்கு 850 ± 60 கிலோ. திருத்தத்துக்குப் பிறகும் −14 நின்றால்: 0.168 கன கி.மீ., அதாவது 0.143 கிகாடன் (1 கிகாடன் = நூறு கோடி டன்). 20.6 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 0.58 மீட்டர் நீர்ச் சமானம் (உருகினால் கிடைக்கும் நீரின் உயரம்).

எஸ்ஆர்டிஎம்மின் சி-பட்டை ரேடார் உலர்பனிக்குள் சில மீட்டர் புகுந்து திரும்பும். 2000இன் மேற்பரப்பு தாழ்வாகப் பதிவாகும், இழப்பு குறைந்து தெரியும். மேல்பகுதியில்தான் இது அதிகம். தரவில்லாத இடங்களை வேறு படங்களால் நிரப்பிய பதிப்பைத் தொடவே வேண்டாம். நிரப்பிய துண்டு எந்த வருடத்ததோ! ஆஸ்டரோ புதுப்பனியின் வெறும் வெள்ளையில் ஒளிப்படங்களைப் பொருத்த முடியாமல் 50 மீட்டர் முட்களை முளைக்கவிடும். 100 மீட்டர் உயரப் பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்குள் ஒவ்வாதவற்றை நீக்கி, பட்டையின் சராசரியால் நிரப்புங்கள்.

எல்லைக்கோடு 2000த்தினுடையதுதானே? புதிய எல்லையை வைத்தால் பின்வாங்கிய முனையில் போன பனி கணக்கிலேயே வராது.

கோல்_நடுபவர்:
கோலும் சரி, படமும் சரி. கோல் அளப்பது அந்த இடத்து உருகலை மட்டும். கீழ் முனையில் மேலிருந்து வரும் பனி மேற்பரப்பை உயர்த்திக்கொண்டே இருக்கும்: 3 உருகி 2 ஏறினால் 1 இறக்கம். ஒப்பிட வேண்டுமானால் பனியாறு முழுவதற்கும்தான், ஒரு புள்ளியில் அல்ல. மேலே குழி தோண்டி, பனியை அடுக்கடுக்காக எடைபோட்ட அளவுகளும் அதற்கு வேண்டும்.

கோலிலும் தவறு வரும். உலோகக் கோல் வெயிலில் சூடேறித் துளைக்குள் இறங்கினால் உருகல் குறைந்து தெரியும். அடியில் மரக்கட்டை அடைப்பு வைத்தால் இறங்காது. உருகலுக்கு மேலான ஆழம் துளையிடாவிட்டால் கோடை முடிவில் கோல் படுத்துக் கிடக்கும், அந்த வருடம் போச்சு.

உறைநிலை_0:
அலை வரைந்தேன், 19 மீட்டர் நகர்வு. நன்றி! உலகம் முழுக்கப் பனியாறுகள் ஆண்டுக்கு 273 கிகாடன் இழக்கின்றன என்பதும் இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து வந்ததா?

கணக்கன்:
அது மட்டுமல்ல. 2025இல் வந்த கிளாம்பி என்ற பன்னாட்டு ஒப்பீடு 19 வட்டாரங்களுக்கு கோல், டெம், ஐஸ்சாட் போன்ற செயற்கைக்கோள் உயரமானிகள், கிரேஸ் செயற்கைக்கோள்களின் ஈர்ப்பு அளவு நான்கையும் சேர்த்தது. 2000–2023க்கு ஆண்டுக்கு 273 ± 16. பிற்பாதி இழப்பு முற்பாதியைவிட 36% அதிகம். கோல் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கத்தைத் தரும், டெம் நீண்டகால மொத்தத்தைத் தரும். கிரேஸ் நேரடியாக நிறையையே அளப்பதால் அடர்த்தித் தொல்லை இல்லை, ஆனால் பார்வை சுமார் 300 கி.மீ. மங்கல், பக்கத்து நிலத்தடி நீர் வற்றுவதும் பனி இழப்போடு கலந்துவிடும். 2017–18இல் பழைய கிரேஸ் செயற்கைக்கோள்கள் ஓய்ந்து புதியவை வரும்வரை இடைவெளியும் உண்டு.

362 கிகாடனுக்குக் கடல் 1 மி.மீ. உயரும் என்று மாற்றலாம். கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.