லிட்டில் சிஎம்எஸ்: புரொஃபைலில் 'மேட்' பிட் ஏற மாட்டேன் என்கிறது

கேள்வி:
மேட் (பளபளப்பில்லாத) பேப்பருக்கான பிரிண்டர் ஐசிசி புரொஃபைல் (பிரிண்டரின் நிறத்தன்மையை விவரிக்கும் ஃபைல்). சி நிரலில் லிட்டில் சிஎம்எஸ் 2 என்ற நிற மேலாண்மை லைப்ரரி கொண்டு திறந்து, செட்ஹெடர்ஃபிளாக்ஸ் ஃபங்ஷனுக்கு மேட் மதிப்பான 2-ஐக் கொடுத்து, வேறு பெயரில் சேமிக்கிறேன். எரர் எதுவும் இல்லை. ஆனாலும் புரொஃபைல் விவரம் காட்டும் இன்ஸ்பெக்டரில் 'ரிஃப்ளெக்டிவ், கிளாஸி' (ஒளியைத் திருப்பும், பளபளப்பான தாள்) என்றே வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
ஃபங்ஷன் மாறிவிட்டது. உங்களுக்கு வேண்டியது செட்ஹெடர்ஆட்ரிபியூட்ஸ். ஃபிளாக்ஸ் என்பது ஹெடரில் (ஃபைலின் தொடக்கப் பகுதி) 44-வது இடத்தில் தொடங்கும் 4 பைட். மீடியா விவரம் இருப்பது 56 முதல் 63 வரையுள்ள 8 பைட்டில் (எண்ணிக்கை 0-லிருந்து). ஃபிளாக்ஸில் 2 போட்டால் 'பொதிந்திருக்கும் படத்தோடு மட்டுமே இந்தப் புரொஃபைலைப் பயன்படுத்து' என்று பொருள். அதனால் இப்போது சேமித்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு அசலிலிருந்து தொடங்குங்கள்.

ஆட்ரிபியூட்ஸில் பிட் 0 டிரான்ஸ்பரன்சி, பிட் 1 மேட், பிட் 2 நெகட்டிவ், பிட் 3 கறுப்பு வெள்ளை. எல்லாம் 0 என்றால் ரிஃப்ளெக்டிவ், கிளாஸி, பாசிட்டிவ், கலர். ஆக, 'கிளாஸி' என்று காட்டுவதால் யாரோ அப்படிக் குறித்தார்கள் என்றில்லை. யாரும் தொடவே இல்லை என்றும் இருக்கலாம்.

இந்த ஃபங்ஷன் 64 பிட்டையும் மொத்தமாக மாற்றி எழுதும். மேல் 32 பிட் தயாரிப்பாளருக்கு ஒதுக்கியது. முதலில் கெட்ஹெடர்ஆட்ரிபியூட்ஸ் வைத்துப் படித்து, 2-ஐ 'ஆர்' செய்து (மற்றவற்றைத் தொடாமல் அந்தப் பிட்டை மட்டும் 1 ஆக்கி), திரும்ப எழுதுங்கள். திரும்பக் கிளாஸி ஆக்க 0-வை 'ஆர்' செய்து பயனில்லை. அந்தப் பிட்டை அழிக்க வேண்டும். வேரியபிள் 64 பிட் அன்சைன்டாக இருக்கட்டும். சாதாரண இன்ட்டின் முகவரியைக் கொடுத்தால் பக்கத்து மெமரியும் கெடும்.

பதில் 2:
சேமித்த பிறகு ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள்: அசலில் இந்த 8 பைட்டும் 00 என்றால், இப்போது 56 முதல் 62 வரை 00, 63-ல் 02 இருந்தால் சரி. 02 முன்னால் 56-ல் நின்றால், யாரோ பைட் வரிசையைத் திருப்பாமல் நேரடியாக எழுதியிருக்கிறார்கள். ஐசிசி ஃபைல் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்).

வேறு பெயரில் சேமிக்கும் பழக்கத்தை விடாதீர்கள். திறந்த ஃபைலின் மேலேயே எழுதினால், இன்னும் படிக்காத டேக்குகள் (புரொஃபைலின் தரவுப் பகுதிகள்) காலியாகிவிடும். பழைய புரொஃபைல் ஐடி (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) இருந்தால், அதைப் புதுப்பிக்க, சேமிக்கும் முன் எம்டி5கம்ப்யூட்ஐடி கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
63-ல் 02 வந்துவிட்டது, நன்றி. பிரிண்ட்டில் மட்டும் நிறம் துளியும் மாறவில்லையே?

பதில் 1:
மாறாது. லிட்டில் சிஎம்எஸ் நிறத்தைக் கணக்கிடுவது புரொஃபைலில் உள்ள ஏ2பி, பி2ஏ எனும் நிற மாற்ற டேபிள்களை வைத்துத்தான்; இந்தப் பிட் வெறும் அடையாளச் சீட்டு. கறுப்பு வெளிறித் தெரிந்தால், அதே பேப்பரில் நிறக் கட்டங்கள் கொண்ட சார்ட் அடித்து, காயவிட்டு, அளந்து புதுப் புரொஃபைல் போடுங்கள்.