கூடையில போட்ட அல்வா காங்கல: ரெண்டு சர்வர் வச்சு செஷன்ல மாட்டுனவங்க அனுபவத்தச் சொல்லுங்க

பாளை மார்க்கெட்:
தீவாளிக்கு நாலு நாள் முந்தி நடந்தது, இன்னும் மனசுல கெடக்கு, அதான் எழுதுதேன். டவுன்ல ஒரு பலகாரக் கடை, அல்வா, முந்திரிக்கொத்துன்னு ஊர் ஊரா பார்சல் போவும். சைட் நான் செஞ்சது, பிஹெச்பில எழுதுனது. ஒரு சர்வர் தாங்கலன்னு ரெண்டாவது போட்டு, வாறத ரெண்டுக்கும் பிரிச்சு விட முன்னால என்ஜின்எக்ஸ் வச்சேன், ரவுண்ட் ராபின், அதாவது ஒண்ணு இதுக்கு, அடுத்தது அதுக்குன்னு மாறி மாறி. மறுநாள் காலைல அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு ஆச்சி போன். கடை அண்ணாச்சி போன என் கைல குடுத்துட்டாக. "ஏய்யா, மெட்ராஸ்ல இருக்க பேரனுக்கு அல்வா கூடையில போட்டேன், காங்கல, இன்னொரு தடவ அழுத்துனா வருது, திருப்பி அழுத்துனா போவுது, என் கண்ணுதான் சரியில்லையோ?"

அந்தக் கடைசி வார்த்தை கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அல்வாத் தட்டு பக்கத்துலயே லேப்டாப்ப வச்சு ரெண்டு சர்வர் லாக்கையும் (வந்து போனத எழுதுத பதிவு) ஓடவிட்டு, "ஆச்சி, இப்ப அழுத்துங்க"ன்னேன். இடது பக்கம் ஒரு வரி. "இப்ப?" வலது பக்கம் ஒரு வரி. செஷன் ஃபைல், அதாவது யாரு உள்ள வந்தாக, கூடையில என்ன இருக்குன்னு சர்வர் குறிச்சு வைக்கது, அந்தந்த சர்வர் டிஸ்க்குலதான் கெடக்கு, ஒண்ணுல இருக்கது இன்னொண்ணுக்குத் தெரியாது. ஸ்ட்ரிக்ட் மோடு (தான் குடுக்காத நம்பர ஏத்துக்கிடாம இருக்கது) ஆஃப்ல இருந்ததால, வலது சர்வர் பிரவுசர் அனுப்புன அதே குக்கி நம்பர்லயே ஒரு காலி செஷன் தொறந்து வச்சிருக்கு, அதான் வருது போவுது. அன்னைக்கு அவசரத்துக்கு ஐபி ஹேஷ் போட்டேன், ஐபி நம்பரப் பாத்து ஒரு ஆள எப்பவும் ஒரே சர்வருக்கு அனுப்பும். தீவாளி கழிஞ்சு செஷன ரெடிஸுக்கு மாத்திட்டேன், ரெண்டு சர்வரும் பொதுவா பாக்க மெமரி டேட்டாபேஸ் அது.

தென்காசிச் சாரல்:
இதுக்குப் போய் ரெடிஸ் எதுக்கு அண்ணே, ஐபி ஹேஷே போதும். எங்க துணிக்கடை சைட் ரெண்டு வருசமா அதுலதான் ஓடுது, ஒரு கம்ப்ளெய்ண்ட் கெடையாது.

பொருநைக்கரை:
சாரல் தம்பி, போதும்னு சொல்லாதீங்க, நான் பட்டவன். ஒரு காலேஜ் ஃபீஸ் சைட். ஐபி ஹேஷ் ஐபிவி4ல (நாலு நம்பர் உள்ள ஐபி) மொத மூணு நம்பரத்தான் பாக்கும், ஹாஸ்டல் முழுக்க ஒரே வெளி ஐபில வெளிய வருது, அதனால அம்புட்டுப் பிள்ளைகளும் ஒரே சர்வர்ல, இன்னொண்ணு சும்மா நிக்கு. கடைசித் தேதி சாயங்காலம் அந்த ஒண்ணு மெமரி நெறஞ்சு படுத்துட்டு, எல்லாரும் மத்ததுக்குப் போயி லாகின் போச்சு. ஒரு பிள்ளை லேப் வாசல்ல வந்து நின்னுச்சு, பணம் போன பேங்க் மெசேஜ காட்டுது, லாகின் பேஜ காட்டுது, மறுபடி மெசேஜ காட்டுது, பேச்சே வரல. அப்புறம் "எங்கப்பா பத்தமடைல பாய்க்கடை சார், அவுகட்ட நான் என்ன சொல்ல"ன்னு மட்டும் கேட்டுச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஒவ்வொரு ரசீதா கையால சரி பண்ணேன். சர்வர் நிக்காத வரைக்கும்தான் தம்பி கம்ப்ளெய்ண்ட் கெடையாது.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
எனக்கு செஷன வச்சிருந்தது மெம்கேஷ்டுல, கரண்டு போயி மெஷின் ரீஸ்டார்ட் ஆனதும் அத்தன செஷனும் காலி, அவ்வளவுதான் என் கதை. அது மெமரியில மட்டும் வைக்கும், 2003ல கேஷுக்குன்னே (போனாலும் திருப்பி எடுத்துக்கிடக் கூடியத தற்காலிகமா வைக்கது) எழுதுனது, அதுல போய் பூட்டி வச்ச மாதிரி நம்புனது நம்ம தப்பு. ஆனா ரெடிஸ் போட்டாச்சுன்னு கால நீட்டிப் படுக்காதீங்க. கேஷையும் செஷனையும் ஒரே ரெடிஸ்ல வச்சு ஆல்கீஸ் எல்ஆர்யூ (ரொம்ப நேரமா தொடாதத மொதல்ல எறியுத முறை) போட்டா, மெமரி நெறையும்போது அது செஷனையும் சேத்துத் தூக்கி எறியும், தனித்தனியா வைங்க, டிஸ்க்குல எழுதுததையும் ஆன் பண்ணுங்க. இன்னொண்ணு, ஃபைல் செஷன்ல லாக், அதாவது பூட்டு, தானா விழும், ஒண்ணு முடியுத வரைக்கும் அடுத்தது காத்து நிக்கும், பிஹெச்பி ரெடிஸ் எக்ஸ்டென்ஷன்ல லாக்கிங் ஆஃப்லதான் வரும், ஒரே ஆளோட ரெண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்துல வந்தா ஒண்ணு எழுதுனத இன்னொண்ணு அழிச்சிரும், கூடையில ஒரு பொருள் மட்டும் காங்காம போறது இதனாலயும் இருக்கும். செஷன் எம்புட்டு நேரம் நிக்கும்னும் பாருங்க, பிஹெச்பி டீஃபால்ட் 1440 செகண்ட், அதாவது 24 நிமிசம், கார்டு தேடி எடுத்துட்டு வாறதுக்குள்ள போயிரும். ஃபீஸ் சைட் அண்ணாச்சிக்கு: பேமெண்ட் கேட்வேல (பணம் வாங்குத வேற சைட்) இருந்து போஸ்ட்டா, அதாவது ஃபார்ம் அனுப்புத மாதிரி, திரும்பி வந்தா, சேம்சைட் லாக்ஸ்னு போட்ட குக்கி கூடவே வராது, வேற சைட்ல இருந்து வாற போஸ்ட்டுக்கு பிரவுசர் அத அனுப்பாது, 2020ல குரோம் அதையே டீஃபால்ட் ஆக்கிட்டான், அப்ப நீங்க எத்தன ரெடிஸ் வச்சாலும் லாகின் பேஜ்தான் வரும். பணம் வந்த விவரத்த செஷன்ல வைக்கவே வைக்காதீங்க, ஆர்டர் நம்பரோட டேட்டாபேஸ்ல எழுதிருங்க.

பொருநைக்கரை:
நான் யோசனை கேக்கல, ஆனாலும் அந்த போஸ்ட் விசயம் இப்பத்தான் ஒறைக்கி. அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு நடந்தது அதுவாக்கூட இருந்திருக்கும். நாளைக்கு சர்வர் லாக் எடுத்துப் பாக்கேன்.

பாளை மார்க்கெட்:
லாக்கிங் ஆன் பண்ணிட்டேன், எங்க சைட்லயும் ஆஃப்லதான் இருந்துச்சு. ஆச்சிக்கு அன்னைக்கே திருப்பிக் கூப்புட்டு, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, தப்பு எங்க பக்கம்னு சொல்லிட்டேன். ஒண்ணு கேக்கணும்: ஃபைல்ல இருந்து ரெடிஸுக்கு மாத்துன ராத்திரி, உள்ள இருந்த எல்லாரும் வெளிய வந்துட்டாவ. பழைய செஷனயும் சேத்துக் கொண்டு போனவங்க யாராவது இருந்தா எப்படின்னு சொல்லுங்க.