முன்சக்கரம் திருடுபோய்விட்டது: பழைய ராலேவுக்கு டைனோஹப் எங்கே தேடுவது?

தேவகோட்டை ராலே

வணக்கம். தாத்தாவின் ராலே சைக்கிளில் முன்சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் போனேன், மண்டபத்து வேலியோரம் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் சைக்கிள் நிற்கிறது, முன்னால் சக்கரம் இல்லை. ஃபோர்க் நுனிக்கு அடியில் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். விளக்கிலிருந்து வரும் வயர் இரண்டும் அறுந்து தொங்கின. அதில் ஒன்றில் தாத்தா சுற்றிய துணி டேப் இன்னும் இருக்கிறது.

சாதாரணச் சக்கரம் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன், 28 x 1½ எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். போனது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் டைனோஹப் போட்டுக் கட்டிய சக்கரம், மாடல் ஜிஎச்6. விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோ, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே இருக்கும், டயரில் உரசாது, மழையில் வழுக்காது, சத்தம் துளியும் வராது. தாத்தா மலேயாவில் ஈப்போவில் கடையில் வேலை பார்த்தவர், 1950களில் ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது இந்தச் சைக்கிளையும் கூடவே கொண்டுவந்தார். விளக்கு அப்படியே இருக்கிறது, பின்னால் மூன்று கியர் ஹப்பும் இருக்கிறது. அதில் மாடல் பெயர் ஏடபிள்யூ, வருஷம் 54 என்று பொறித்திருக்கிறது.

இந்த ஹப் இந்தியாவில் எங்காவது கிடைக்குமா? இந்தியாவிலேயே செய்த சென்-ராலே சைக்கிளின் சாமான் இதற்குப் பொருந்துமா? இல்லையென்றால் புதிதாக வரும் டைனமோ ஹப் எதையாவது போட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மனசே சரியில்லை.

பழைய இரும்பு

தம்பி, வெளிநாட்டில் தேடுவது அப்புறம். இன்றைக்கே உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள காயலான் கடைகளுக்கு நேரில் போங்கள். எடுத்தவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் விளக்கையும் சேர்த்துக் கழற்றியிருப்பான். ஒன்று, தன் வண்டிக்கு மாட்டிப் பார்த்திருப்பான், இல்லையென்றால் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டிருப்பான். எடைக்குப் போனால் ஒரு வாரத்துக்குள் லாரி ஏறிவிடும், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன்.

பழைய போட்டோ இருந்தால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். "திருட்டுச் சக்கரம்" என்று பேச்சை ஆரம்பித்தால் கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். "அண்ணே, இந்த மாதிரி குண்டு ஹப் வந்தால் எடைக்குக் கொடுப்பதைவிடக் கூடவே தருகிறேன், எடுத்து வையுங்கள்" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சக்கரம் கிடைத்தால் உங்களுடையது என்று சொல்லக் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். அங்கே மரச்சாமானும் பீங்கானும்தான் அதிகம், ஆனாலும் செட்டிநாட்டு வீடுகளைக் காலி செய்யும்போது சைக்கிள் சாமானும் சேர்ந்து வரும்.

கோவை ரிம்

பழைய இரும்பு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், இதுதான் முக்கியம். சக்கரம் கிடைத்தாலும் சரி, வேறு ஹப் வாங்கினாலும் சரி, உள்ளே இருக்கிற காந்தத்தையும் காயிலையும் (கம்பிச்சுருள்) தனித்தனியாகப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே வட்டமான காந்தம் ஒன்று, 20 துருவம், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். நடுவில் காயில் அச்சோடு அசையாமல் நிற்கும். காயிலை வெளியே உருவும்போது அந்த இடத்தில் ஒரு இரும்பு வளையம் உட்கார வேண்டும், இல்லையென்றால் காந்தத்தின் சக்தி அப்போதே இறங்கிவிடும். திரும்ப மாட்டினாலும் விளக்கு மினுக் மினுக்கென்றுதான் எரியும். அதற்கு மறுபடி காந்தம் ஏற்றத் தனிக் கருவி வேண்டும், நம் ஊர்ப் பட்டறையில் நடக்கிற வேலை இல்லை. பேரிங் குண்டு மாற்றி கிரீஸ் வைக்க வேண்டுமென்றால் காந்தம், காயில் இரண்டையும் ஒரே கட்டாக ஹப்பிலிருந்து எடுக்கலாம், பிரிக்கத் தேவையே இல்லை. ஓவராயில் பண்ணுகிற மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நல்ல ஹப் ஒன்று இப்படி வீணானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சென்-ராலே ஆசன்சோலில் செய்தது. மட்கார்டு, பெடல், பிரேக் ராடு என்றால் அங்கே தேடுவதில் அர்த்தம் இருக்கிறது, டைனோஹப்புக்கு நாட்டிங்காம் சாமான்தான் தேட வேண்டும். பிரிட்டனில் பழைய சைக்கிள் சாமான் விற்பவர்களிடம் ஜிஎச்6 அடிக்கடி வரும், பல வருஷம் செய்த ஹப் அது. வாங்கும்போது போக்ஸ் கம்பி மாட்டும் துளையை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் முன்சக்கரத்துக்கு 32 வேண்டும். 40 துளை என்றால் அது பின்சக்கரத்து டைனோஹப், கியரோடு சேர்ந்தது, படத்தில் பார்த்தால் ஒரே மாதிரி தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ரிம்மோடு அனுப்பச் சொல்லாதீர்கள், கூலி ஹப் விலையைத் தாண்டிவிடும். இரண்டு முனைக்கும் நடுவில் 6 வோல்ட் பல்பைக் கட்டிக் கையால் சுற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்க்காமல் பணம் போடாதீர்கள். ஹப் ஓட்டிலேயே வருஷம் பொறித்திருக்கும். 54 கிடைத்தால் பின்னால் உள்ளதற்கு ஜோடி, 53, 55 என்றாலும் மனதாரப் போடுங்கள்.

ரிம் இங்கேயே வாங்குங்கள், ஆனால் ராடு பிரேக் ரிம்மாக இருக்க வேண்டும். உங்கள் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைக் கீழிருந்து பிடிக்கிறது, பக்கவாட்டில் பிடிக்கிற ரிம்மைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போக்ஸ் கம்பி இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு நீளம், டைனமோ இருக்கிற பக்கம் ஹப்பின் விளிம்பு பெரிசு. ஹப் கைக்கு வந்தபிறகு அளந்து வாங்குங்கள்.

சென்னை மிதி

புது டைனமோ ஹப் போடுவதில் என்ன தவறு? பழையது 1.8 வாட், இப்போது வருவது 3 வாட், எல்இடி விளக்குப் போட்டால் ரோடு பளிச்சென்று தெரியும். ஸ்டர்மி ஆர்ச்சர் பெயரிலேயே இப்போதும் டைனமோ ஹப் வருகிறது, 2000த்துக்குப் பிறகு கம்பெனி தைவான்காரர்கள் கையில்.

கோவை ரிம்

தினமும் இருட்டில் வேலைக்குப் போகிற வண்டி என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்த ஹப்புகள் இரண்டு காலுக்கும் நடுவில் 100 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள ஃபோர்க்குக்குச் செய்தவை, பழைய ராலே ஃபோர்க் அதைவிடக் குறுகல். நெம்பி விரித்து மாட்டிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். எழுபது வருஷத்து ஃபோர்க், இதுவும் போனால் எதைத் தேடுவது?

யாழ் சில்லு

வணக்கம் அண்ணை, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே றலி இல்லாத வீடே இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது. 90களில் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வயரைக் கொழுவி றேடியோவில் செய்தி கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் இழுபடும். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை எனக்குத்தான், அதனால் உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது.

நான் சொல்வது ஒன்றுதான். ஹப் கிடைக்கும் வரைக்கும் சைக்கிளைச் சுவரில் சாத்தி வைத்துவிடாதையுங்கோ. சாதாரண முன்சில்லு ஒன்றைப் போட்டு ஓடுங்கோ. அப்பாவின் றலியை ஒரு சாமானுக்காக நான்கு வருஷம் நிறுத்தி வைத்தேன், சாமான் கிடைத்தபோது ரயர் வெடித்து, செயின் துருப்பிடித்து, சீற் தோல் காய்ந்து பிளந்திருந்தது. சாமானுக்குச் செலவழித்ததைவிட மற்றதற்குச் செலவழித்ததுதான் கூட.

தேவகோட்டை ராலே

எல்லோருக்கும் நன்றி. நேற்று நான்கு காயலான் கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும், "இதை ஒரு பையன் கொண்டுவந்தான், மோட்டார் மாதிரி இருந்தது, வில்லங்கம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். அப்படியென்றால் சக்கரம் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பிரிக்கவே கூடாது என்பதையும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சிஎஸ்ஆர் ரசீதும் வாங்கியாகிவிட்டது. மாதக் கடைசி வரை பார்த்துவிட்டு பிரிட்டனில் தேட ஆரம்பிக்கிறேன்.

யாழ் நண்பர் சொன்னபடி இன்று காலை சாதாரண 28 சக்கரம் ஒன்றை மாட்டிக் கண்மாய்க்கரை வரை ஓட்டிவிட்டு வந்தேன். வயர் முனை இரண்டிலும் டேப் சுற்றி ஃபோர்க்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன், தாத்தாவின் துணி டேப்பைப் பிரிக்கவில்லை. கோவை அண்ணே, ஹப் வந்தால் சக்கரம் கட்ட உங்களிடமே கொண்டுவரலாமா?

கோவை ரிம்

கொண்டு வாருங்கள். ரயிலில் வரும்போது ஹப்பைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கீழே போட்டுவிடாதீர்கள்.